குழந்தையின் வளர்ச்சியைக் கவனிப்பவர் யார்?

தென் ஜில்லா ஒன்றில் தறி நெய்து ஜீவனம் செய்யும் ஒரு தகப்பனார் சென்ற வாரம் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதனுடன் தம் மகளின் தாய்–சேய் பாதுகாப்பு அட்டையின் பிரதி ஒன்றையும் இணைத்திருக்கிறார். பெண்ணுக்கு இப்போது வயது நாலரை. பிறவி முதலே அவளுக்கு இரு காதுகளும் கேளா என்ற உண்மை, அங்கன்வாடி ஊழியர் ஒருவர் சந்தேகங்கொண்டு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகுதான் பெற்றோருக்குத் தெரியவந்ததாம். அதுவரையில் வீட்டார் அவளைப் பிடிவாதக்காரி என்றே எண்ணியிருந்தனர். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று சில சமயங்களில் அடித்ததும் உண்டு என்று அந்தத் தகப்பனார் ஒளிக்காமல் எழுதுகிறார்.

அவர் அனுப்பிய அட்டையை நாம் கவனமாகப் பார்த்தோம். பிறந்த அன்று போட்ட தடுப்பூசி, ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பது மாதம் நிறைந்த பின், ஒன்றரை வயதில் என்று ஒவ்வொரு கட்டத்திலும் தேதி இருக்கிறது, எடை இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. ஒரு தவணையும் தப்பவில்லை. அதே அட்டையில், எந்த மாதத்தில் குழந்தை சிரிக்கும், எப்போது சத்தம் வந்த பக்கம் திரும்பும், எப்போது உட்காரும், எப்போது பேசும் என்று படங்களுடன் அச்சிட்டிருக்கும் பக்கத்தில் மட்டும் ஒரு குறியும் இல்லை. பக்கம் முழுவதும் அச்சான நாளில் இருந்தது போலவே வெண்மையாக இருக்கிறது.

அந்தத் தகப்பனார் எவர் மீதும் பழி கூறவில்லை. ஊசி போடக் குழந்தையை ஐந்து முறை சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனோமே, அந்த ஐந்து முறைகளில் ஒரு முறையாவது ஒருவர் அவள் காதருகே ஒரு கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்திருக்கக்கூடாதா என்று மட்டுமே கேட்கிறார். இந்தக் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. ஆகவே, விடை சொல்லக் கடமைப்பட்டவர்களின் முன்னிலையில் இதை வைப்பது நமது கடமையாகிறது.

இந்தக் கேள்வி இன்று எழுவதற்குக் காரணம் நமது தோல்வியன்று; நமது வெற்றியே என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அன்னியர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் ஸர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த கமிட்டி, 1946-ஆம் வருஷத்தில் தனது அறிக்கையை வெளியிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1937-இல் பிறந்த ஆயிரம் சிசுக்களில் 162 சிசுக்கள் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தன என்று அந்த அறிக்கை கணக்குக் காட்டியது. அந்தக் கமிட்டியின் யோசனையிலிருந்து கிளைத்தவையே நாட்டில் இன்றுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள். சுதந்திர இந்தியாவில் அந்த எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்து, 2020-ஆம் வருஷத்துக் கணக்கின்படி இந்தியா முழுவதற்கும் 28 என்றும், தமிழ்நாட்டுக்கு 13 என்றும் ஆயிற்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரிகளிலேயே நிகழ்கின்றன என்றும், ஒரு வயது கடந்த குழந்தைகளில் நூற்றுக்கு 89 பேர் உரிய தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்றுவிடுகின்றனர் என்றும் காட்டுகிறது. ஊரூராக நடந்து சென்ற கிராம சுகாதாரச் செவிலியர்களின் கால்களுக்கு இந்தப் பெருமையில் பெரும் பங்கு உண்டு. அதை நாம் நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் பிழைத்த குழந்தை எப்படி வளர்கிறது? முன்பு குறைமாதத்தில் பிறந்தும், எடை குன்றியும், பிறக்கையில் மூச்சுத் திணறியும் இறந்துபோன சிசுக்களில் பலர் இன்று வைத்திய சாஸ்திரத்தின் தயவால் உயிரோடு வீடு திரும்புகிறார்கள். இவர்களிற் பெரும்பாலோர் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்துவிடுவர். சிலருக்குக் கை கால் இயக்கத்திலும், சிலருக்குக் கேள்வியிலும் பார்வையிலும், சிலருக்குப் பேச்சிலும் அறிவிலும் பின்னடைவு உண்டாகும். உயிரைக் காப்பாற்றியவுடன் நமது கடமை தீர்ந்ததென்று கணக்கை மூடிவிட்டால், பாதி வேலையைச் செய்து முழுக் கூலி கேட்பவரின் நிலைதான் நமது நிலையும்.

இது எங்கோ ஒரு வீட்டில் நேரும் அபூர்வமான துன்பம் என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. ஹிமாசலத்துக் காங்ரா, ஹரியாணாவின் பல்வல், ஒடிசாவின் தேன்கனால், வட கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில், 2 முதல் 9 வயது வரையுள்ள ஏறக்குறைய 4,000 குழந்தைகளை நிபுணர்கள் பரிசோதித்து, முடிவுகளை 2018-இல் வெளியிட்டனர். ஆறு வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும், ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேலும், மூளை நரம்பு வளர்ச்சியைச் சார்ந்த குறை ஒன்றாவது இருந்தது. செவிக் குறைவும் அறிவு வளர்ச்சிக் குறைவும் அவற்றில் முன்னின்றன. பத்துக் குழந்தைகள் விளையாடும் தெருவில் ஒரு குழந்தை என்று சொன்னால் பெரிதும் பிழையாகாது. பிரசவ சமயத்து மூச்சுத் திணறல், எடைக் குறைவு, மூளையைத் தாக்கும் ஜுரம், போஷாக்கின்மையால் வளர்ச்சி குன்றுதல் முதலிய காரணங்களையும் அந்த ஆராய்ச்சி சுட்டியது. இவற்றுட் பெரும்பாலானவை ஆரம்ப சுகாதார நிலையத்தின் கண்ணுக்கு முன்னால் நிகழ்பவை.

காலம் தாழ்த்தாமல் கண்டுபிடிப்பதால் என்ன லாபம் என்று கேட்போர் உண்டு. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நமது முன்னோர் வாக்கு. தற்கால சாஸ்திரமோ ஐந்தையே தாமதமான வயது என்கிறது. செவிக்குறையை எடுத்துக்கொள்வோம். காது கேளாத சிசுவை மூன்று மாதத்துக்குள் கண்டுபிடித்து, ஆறு மாதத்துக்குள் கேட்புக் கருவியும் பயிற்சியும் தொடங்க வேண்டும் என்பது நிபுணர்கள் ஏகமனதாக வகுத்த விதி. மூளையில் பாஷை வேரூன்றும் பருவம் அது. அந்தப் பருவத்தில் சப்தமாகவோ சைகையாகவோ ஒரு பாஷை கிடைத்துவிட்டால் குழந்தையின் அறிவு தன் போக்கில் மலரும். நாலரை வயதில் அதே கருவியைப் பொருத்தினால் பலன் இல்லாமற் போகாது. ஆயினும் இழந்த நாலு வருஷத்தை எந்தக் கருவியும் முழுவதும் மீட்டுத் தருவதில்லை. பிறவியிலேயே தைராய்டுச் சுரப்பி குன்றிய சிசுவின் விஷயம் இன்னும் பரிதாபமானது. பிறந்த இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்துத் தினம் ஒரு சிறு மாத்திரை கொடுத்துவந்தால் அக்குழந்தை மற்றவர்களைப் போலவே படித்து முன்னுக்கு வரும். விட்டுவிட்டால் அறிவு குன்றி ஆயுள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்க்கும். மாத்திரையின் விலையோ சொற்பம். மூளை வாதத்தால் தசைகள் இறுகும் குழந்தைக்கும், ஆட்டிசம் என்று சொல்லப்படும் குறையால் பிறரோடு ஒட்டாமல் விலகி நிற்கும் குழந்தைக்கும், பயிற்சி எவ்வளவு சீக்கிரம் ஆரம்பமாகிறதோ அவ்வளவுக்கு நன்மை.

குழந்தையின் வளர்ச்சிக்கு மாதக் கணக்கு உண்டு என்பது மேனாட்டாரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய புதுமையன்று. நமது பிள்ளைத்தமிழ்ப் பிரபந்தங்களைப் பாருங்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் பருவம். ஏழாம் மாதம் தால்: நாவசைத்து ஒலியெழுப்பும் பருவம். ஒன்பதில் சப்பாணி: கை கொட்டும் பருவம். பதினொன்றில் முத்தம். ஓராண்டு நிறைந்ததும் வருகை: தளர்நடையிட்டு வரும் பருவம். பின்னர் அம்புலி: வானத்து நிலவைச் சுட்டி விளையாட அழைக்கும் பருவம். பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கில் சிறிது வேறுபடினும் வரிசை இதுவே. புலவர்கள் தெய்வத்தையும் அரசனையும் குழந்தையாக்கிப் பாடினார்களேயன்றி வைத்திய நூல் எழுதவில்லை என்பதை நாம் அறிவோம். ஆனால் தமிழ்த் தாய்மார்கள் தொட்டிலருகே இருந்து தலைமுறை தலைமுறையாகக் கண்டதைத்தான் அவர்கள் பாட்டாக்கினார்கள். விரலால் ஒரு பொருளைச் சுட்டிக் காட்டிப் பிறரையும் பார்க்கச் செய்தல் ஒன்றரை வயதுக் குழந்தையிடம் இல்லையானால் ஆட்டிசத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று இன்றைய வைத்தியர்கள் சொல்கிறார்கள். அம்புலிப் பருவத்தை வகுத்த நாட்டில் இது விளங்காத விஷயமா?

மேனாட்டில் இந்த ஆராய்ச்சியை ஒழுங்காகத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆர்னால்டு கெஸல். 1911-இல் அவர் அங்கே குழந்தை வளர்ச்சிக்கென ஒரு நிலையம் ஏற்படுத்தினார். 1967-இல் டென்வர் நகரத்து வைத்தியர்கள், சாதாரணக் குழந்தை வைத்தியரும் தம் அறையிலேயே செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனையை வெளியிட்டனர். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2006 முதல், ஒவ்வொரு வருகையிலும் வளர்ச்சியை விசாரிப்பதோடு, ஒன்பதாவது, பதினெட்டாவது, முப்பதாவது மாதங்களில் முறையான கேள்விப் பட்டியல் கொண்டு சோதிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அனுபவசாலியான வைத்தியரும் வெறுங்கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் பல குழந்தைகளைத் தவறவிட்டு விடுகிறார் என்பதே இவ்விதிக்குக் காரணம்.

ஆனால் அயல்நாட்டுச் சோதனையை அப்படியே கொண்டுவந்து நம் வீட்டுக் குழந்தையை அளப்பது சரியாகாது. டென்வர் சோதனையின் பிற்காலப் பதிப்பில், குழந்தை காலைச் சிற்றுண்டித் தானியத்தைத் தானே கிண்ணத்தில் இட்டுத் தயார் செய்துகொள்கிறதா என்று ஒரு கேள்வி உண்டு. இட்லியும் கஞ்சியும் உண்ணும் வீட்டில் இதைக் கேட்டு என்ன தெரிந்துகொள்வது? இந்தச் சங்கடத்தைத் தீர்க்க நம் தேசத்தவரே முயன்று வென்றிருக்கிறார்கள். பரோடா சர்வகலாசாலையில் இந்தியக் குழந்தைகளுக்கென்றே அளவுகள் வகுக்கப்பட்டன. அவற்றிலிருந்து பதினேழு செயல்களை மட்டும் பொறுக்கியெடுத்து, திருவனந்தபுரத்து டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவருடைய சகாக்களும் ஒரே தாளில் அடங்கும் அட்டவணையொன்றை 1991-இல் வெளியிட்டனர். புன்முறுவல் பூத்தல், தலை நிற்றல், மணியோசைக்குத் திரும்புதல், பொருளைக் கைக்குக் கை மாற்றுதல், பிடித்துக்கொண்டு எழுந்து நிற்றல், கை கொட்டுதல், தனியே நடத்தல், இரண்டு வார்த்தை சொல்லுதல், பொம்மையின் உறுப்புகளைச் சுட்டுதல் முதலியன அதிலுள்ளவை. நமது சப்பாணிப் பருவம் அங்கே ஒரு கோடாக இடம் பெற்றிருக்கிறது! குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நட்டுக்கு நிறுத்திவைத்து, அதற்கு இடப்புறம் முடிந்துபோன செயல்களில் எதையாவது குழந்தை இன்னும் செய்யவில்லையா என்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான் சோதனை. ஒரு மணியும், ஒரு பந்தும், ஒரு பொம்மையும், சில நிமிஷப் பொழுதும், கொஞ்சம் பயிற்சியும் போதும். விலையுயர்ந்த யந்திரம் வேண்டாம். அயல்நாட்டு உரிமைக் கட்டணம் வேண்டாம். சுதேசியம் என்பது கதருடன் முடிவதில்லை. நம் குழந்தையை நம் அளவால் அளப்பதும் சுதேசியமே.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1995-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் 25-வது பிரிவு, ஆபத்துக்கு உட்பட்ட குழந்தைகளைக் கண்டறியும்பொருட்டு எல்லாக் குழந்தைகளையும் வருஷத்துக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும் என்றும், ஆரம்ப சுகாதார நிலையச் சிப்பந்திகளுக்கு அதற்கான பயிற்சி வசதி அளிக்க வேண்டும் என்றும் சர்க்காருக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் கட்டளையிட்டது. ஆனால் பொருளாதாரச் சக்திக்கும் அபிவிருத்திக்கும் உட்பட்டு என்ற ஒரு வாசகத்தையும் முன்னால் சேர்த்து, தப்பிக்க ஒரு வாசலைத் திறந்து வைத்தது. இருபத்தொரு வருஷங்கள் கழித்து, 2016-இல் பார்லிமெண்டு பழைய சட்டத்தை நீக்கி மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியபோது, அதே 25-வது எண்ணில் அதே கட்டளையை மறுபடியும் எழுதிற்று. இம்முறை அந்தப் பிரிவில் பொருளாதாரச் சக்தி பற்றிய வாசகம் இல்லை. ஒரு சட்டசபை பழைய வாசகத்தை எடுத்து எழுதும்போது சில வார்த்தைகளை விட்டுவிட்டால், அதை அர்த்தமுள்ள செயலாகவே கொள்ள வேண்டும் என்பது வியாக்கியானத்தின் பால பாடம். பணமில்லை என்ற பதிலுக்கு இனி இடமில்லை. "செய்யலாம்" என்று சட்டம் சொல்லவில்லை. "செய்தல் வேண்டும்" என்று சொல்கிறது.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் சுகாதாரத் திட்டத்தின்படி, வைத்தியர்களும் செவிலியரும் கொண்ட நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருஷத்துக்கு இரண்டு முறையும், பள்ளிக்கூடங்களுக்கு ஒரு முறையும் சென்று, பிறவிக் குறைகளையும் நோய்களையும் ஊட்டக் குறைவையும் வளர்ச்சித் தாமதத்தையும் கண்டறிய வேண்டும். கண்டறிந்த குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ள ஜில்லாதோறும் ஒரு மையம் அமைய வேண்டும். நல்ல திட்டம், ஆனால் இதில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அங்கன்வாடிக்குப் போய் உட்கார்ந்து படிப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வயது கடந்தவர்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் தாயின் இடுப்பிலோ பாட்டியின் மடியிலோ இருக்கிறது. குழு வரும் நாளில் அக்குழந்தையை யாராவது தூக்கி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதிலும், கழுத்து நிற்காத குழந்தையையும் கூப்பிட்டால் திரும்பாத குழந்தையையும் நாலு பேர் முன்னால் கொண்டுவரத்தான் பெற்றோர் அதிகமாகக் கூசுகிறார்கள். எந்தக் குழந்தைக்குச் சோதனை மிகவும் அவசியமோ அந்தக் குழந்தையே சோதனைக்குத் தப்புகிறது.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை தவறாமல் வந்து நிற்கும் இடம் ஒன்றே ஒன்று. அது புதன்கிழமைத் தடுப்பூசி வரிசை. பிறந்த பின் ஒன்றரை வயதுக்குள் ஐந்து முறை, தாய் தானாகவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நம் சிப்பந்திகளின் முன் வந்து நிற்கிறாள். தேடிப் போக வேண்டியதில்லை. கூவி அழைக்க வேண்டியதில்லை. அந்த ஐந்து சந்திப்புகளிலும் ஊசியைப் போட்டு, எடையை எழுதி, ஜுரம் வந்தால் கொடுக்கச் சொல்லி மருந்தைக் கையில் தந்து அனுப்பிவிடுகிறோம். நமக்குக் கடிதம் எழுதிய தகப்பனாரின் மகள் நம்மை வந்தடையாமல் தவறியவள் அல்லள். நம் கைக்கு ஐந்து முறை வந்து, ஐந்து முறையும் தவறவிடப்பட்டவள்.

கட்டணம் வாங்கும் வைத்தியர்களிடம் போகிறவர்கள் நிலையும் இதைவிட அதிகம் மேலானதன்று. மாலையில் ஐம்பது பேர் காத்திருக்கும் அறையில், இருமலுக்கும் பேதிக்கும் சீட்டு எழுதவே பொழுது சரியாக இருக்கிறது. பையன் இன்னும் பேசவில்லையே என்று தாய் தயங்கித் தயங்கிக் கேட்டால், ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடும் வைத்தியர்கள் உண்டு. வீட்டிலும், இவன் மாமனும் நாலு வயதில்தான் பேசினான் என்று தேறுதல் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். தாமதமாகப் பேசித் தேறிவிடும் பிள்ளைகள் உண்டென்பது மெய்யே. ஆனால் தேறப்போகிறவன் யார், தேறாதவன் யார் என்பது சோதித்துப் பார்க்காமல் தெரியாது. நான்கைந்து மாதமாகியும் தலை நில்லாமை, ஒரு வயதாகியும் மழலையோ கைச்சைகையோ இல்லாமை, ஒன்றரை வயதாகியும் நடவாமை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாமை, எந்த வயதிலாயினும் முன்பு கற்றதை மறந்துபோதல் ஆகிய இவற்றுள் ஒன்று இருந்தாலும் காத்திருக்கலாகாது. தாயின் ஐயத்தை விட நம்பகமான சோதனைக் கருவி சில சமயங்களில் வேறில்லை. அவள் ஐயத்தை அசட்டை செய்வது வைத்தியமாகாது.

இனி ஆட்சேபங்களைக் கவனிப்போம். கிராம சுகாதாரச் செவிலியருக்கு ஏற்கெனவே பதிவேடுகளின் பாரம் தாங்க முடியாதிருக்கையில் இன்னொரு பாரமா என்பது முதல் ஆட்சேபம். இதில் நியாயம் இருக்கிறது. ஆகவே, புதிய பதிவேடு வேண்டாம் என்கிறோம். அட்டையில் ஏற்கெனவே அச்சிட்டிருக்கும் கட்டத்தை நிரப்பினால் போதும். ஒரே செயலை மூன்று இடங்களில் எழுதச் செய்யும் வழக்கத்தை ஒழித்தால், அதற்கான பொழுது தானே கிடைக்கும். போதாத இடத்தில் ஆள் சேர்க்க வேண்டியது சர்க்காரின் கடமை. 2021-இல் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கி, வீடு தேடிச் சென்று பெரியவர்களின் ரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் பார்க்க இந்த ராஜ்யத்தால் முடிந்தது. அதே வீட்டில் பாட்டனின் கையில் அழுத்தமானியைச் சுற்றும்போது, மடியிலிருக்கும் பேரன் பெயர் சொன்னால் திரும்புகிறானா என்று கேட்க முடியாதா?

குழந்தைக்கு ஊனம் என்ற பட்டம் கட்டிவிடுவார்கள், அதனால் தாய்க்கும் தமக்கையின் கல்யாணத்துக்கும் இழுக்கு என்பது இரண்டாவது ஆட்சேபம். இந்தப் பயத்தை ஏளனம் செய்ய நாம் தயாராயில்லை. குறைக்காக மருமகளைத் தூற்றும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் முதற் சோதனை தீர்ப்பன்று. அது ஒரு கேள்வி மாத்திரமே. சல்லடையில் தங்கியதெல்லாம் கல்லல்ல. தங்கியதை மறுபடி கையால் பொறுக்கிப் பார்ப்பதே முறை. சந்தேகப்பட்ட குழந்தைகளில் பலர் இரண்டாவது சோதனையில் குறையற்றவர்கள் என்று வீடு திரும்புவர். இதைப் பெற்றோருக்கு மறைவிடத்தில், மரியாதையான வார்த்தைகளில் எடுத்துச் சொல்லச் செவிலியர்களைப் பழக்க வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபமே மிகவும் கனமானது. கண்டுபிடித்து என்ன செய்வது, பயிற்சி அளிப்பவர்கள் எங்கே? சிகிச்சைக்கு வழி செய்யாமல் சோதனை நடத்தலாகாது என்பது 1968-இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட நூலிலேயே வகுத்த விதி. ஜில்லாத் தலைநகரில் ஒரு மையம் இருப்பது போதாது. வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் ஏறி அங்கே போய்வர, கூலி வேலை செய்யும் தாய் வாரத்துக்கு இரண்டு நாள் கூலியை இழக்க வேண்டும். மூன்று வாரம் போவாள். நாலாவது வாரம் நின்றுவிடுவாள். அவள் மீது குற்றமில்லை. தென்காசி ஜில்லா ஆய்க்குடியில் 1981 முதல் தொண்டாற்றி வரும் அமர் சேவா சங்கம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி அளித்து, நிபுணர்களின் மேற்பார்வையில் அவர்களை வீடுகளுக்கு அனுப்பி, தாயையே பயிற்றுவிப்பவளாக ஆக்குவது அந்த வழி. விபத்தால் கழுத்துக்குக் கீழ் அசைவிழந்த ஒருவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி ஒரு கிராமத்திலிருந்து தொடங்கியது அந்த ஸ்தாபனம். அவரால் முடிந்தது, ஒரு ராஜ்யத்தின் நிர்வாக இயந்திரத்தால் முடியாதென்று சொன்னால் எவர் நம்புவார்?

ஆகவே நாம் கோருவது இது. ஒவ்வொரு தடுப்பூசி வருகையிலும் வளர்ச்சி பற்றி இரண்டு மூன்று கேள்விகள் கேட்டு, அட்டையில் குறித்துக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் வருகை பூர்த்தியாகவில்லை என்றே கருத வேண்டும். ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதிலும் நமது நாட்டு அட்டவணையால் முறையாகச் சோதிக்க வேண்டும். பயிற்சி நிலையங்கள் ஜில்லாத் தலைநகரோடு நில்லாமல் வட்டார அளவுக்கு இறங்கி வர வேண்டும். எத்தனை குழந்தைகள் சோதிக்கப்பட்டனர், எத்தனை பேர் மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர், அவர்களில் எத்தனை பேர் உண்மையில் சிகிச்சை பெற்றனர், எத்தனை நாள் காத்திருந்தனர் என்ற கணக்கை வருஷந்தோறும் ஜில்லாவாரியாகச் சட்டசபையின் மேஜைமீது வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மற்றெல்லாவற்றினும் முக்கியம். போட்ட ஊசியின் கணக்கை எண்ணத் தொடங்கிய பிறகுதான் ஊசி எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டிற்று. எண்ணப்படாத கடமையை எந்த இலாகாவும் நெடுநாள் நினைவில் வைத்திருந்ததில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அந்த அட்டை உங்களுடையது. ஊசிக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். படங்கள் உள்ள பக்கத்தைத் திறந்து, இது ஏன் காலியாக இருக்கிறது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது அவர்கள் கடமை. ஐயமிருந்தால் அடுத்த வீட்டாரிடம் மறைப்பதாயினும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

சுயராஜ்யம் வந்தால் ஒவ்வொரு குழந்தையும் தேசத்தின் சொத்தாகும் என்று அன்று மேடைதோறும் பேசினோம். சொத்து என்று சொன்னால் அதற்குக் கணக்கு இருக்க வேண்டும். நமக்குக் கடிதம் எழுதியவரின் மகளுக்கு இப்போது சிகிச்சை தொடங்கியிருக்கிறதாம். அவள் தேறுவாள் என்று நம்புவோம். ஆயினும் அவள் இழந்த நாலு வருஷங்களை நம்மால் திருப்பிக் கொடுக்க முடியாது. வருகிற புதன்கிழமை, ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்து வராந்தாவில் இன்னொரு தாய் இன்னொரு குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள். ஊசி போட்டு முடித்த கை எழுந்துவிடாமல், ஒரு கிலுகிலுப்பையை எடுத்து அக்குழந்தையின் காதருகே ஆட்டிப் பார்க்கட்டும். காலியாகக் கிடக்கும் அந்தக் கட்டத்தில் ஒரு குறி விழட்டும்.